சோமசேகரம் இடையில் விலகவில்லை

அனுப்புநர்:
திருமதி பத்மாசினி சோமசேகரம்,
கணித ஆசிரியை,
புத்தூர் கிழக்கு,
புத்தூர்.

பெறுநர்:
விளையாட்டு உத்தியோகத்தர் அவர்கள்,
பிரதேச செயலகம்.

விடயம்: 26.02.1995 ஞாயிற்றுக்கிழமை நடைபெற்ற புத்தூர் – கல்வியங்காடு – வல்லை மரதன் ஓட்டத்தின் முடிவுப் பட்டியலில், 17ஆம் இலக்க ஓட்டக்காரர் "இடையில் விலகியவர்" எனப் பதியப்பட்டிருப்பதைத் திருத்தக் கோருதல்.

கனம் ஐயா,

ஓட்டப் போட்டியொன்றில் கடைசியாக வந்தவருக்காக மனு எழுதுவது தங்களுக்கு விநோதமாகப் படலாம். முதலாம், இரண்டாம் இடங்களுக்காகவே இத்தகைய மனுக்கள் வருமென அறிவேன். ஒழுங்கமைப்புக் குழுவினரிடம் கடிதத்திலும் நேரிலும் கேட்டு அலுத்துப்போன பின்னரே பின்வரும் விபரங்களைத் தங்கள் முன் வைக்கிறேன்.

1. மேற்படி 17ஆம் இலக்க ஓட்டக்காரர் எனது கணவர் கந்தையா சோமசேகரம், வயது 38, வெங்காயச் செய்கையாளர். கடந்த ஆண்டு ஆனி மாதம் இப்போட்டி பற்றிய அறிவித்தல் வெளியான நாள் முதல் அவர் பயிற்சி எடுத்தார். கிழமைக்கு நான்கு நாட்கள், விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் ஓட, நான் தண்ணீர்ப் போத்தலுடன் சைக்கிளில் பக்கத்தில் செல்வேன். ஒவ்வொரு நாளும் ஓடிய தூரத்தையும் நேரத்தையும் அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் 1,146 மைல். பொம்மர் விமான இரைச்சல் கேட்டு வேலியோரம் படுத்து எழும்பிய நாட்களில் படுத்திருந்த நேரத்தையும் கழிக்காமலே எழுதியுள்ளேன். சப்பாத்தின் அடி தேய்ந்து போனபோது பழைய சைக்கிள் ரயர் வைத்துத் தைப்பித்துக்கொண்டார். இருபது மைல் தூரத்தை மூன்று தடவைகள் ஓடினார். மூன்றாவது தடவை எடுத்த நேரம் இரண்டு மணி முப்பத்தாறு நிமிடம். ஆகவே, இருபத்தாறு மைலை மூன்று மணி இருபத்தைந்து நிமிடத்தில் முடிப்பார் என்று நாங்கள் எதிர்பார்த்தது வெறும் ஆசையில் அல்ல. கொப்பி தேவைப்படின் சமர்ப்பிக்கத் தயாராயிருக்கிறேன்.

2. ஓட்டம் புத்தூர் மைதானத்தில் காலை ஆறு மணிக்கு ஆரம்பமாகி அங்கேயே முடியுமென அறிவிக்கப்பட்டிருந்தது. பிரதம விருந்தினர் ஏழு மணிக்கு வந்தார். வந்தவர் ஓட்டத்தின் அருமை பெருமை பற்றி இருபது நிமிடம் உரையாற்றினார். ஓட வந்திருந்த இருபத்தொரு பேரும் அதை வெயிலில் நின்றபடி கேட்டார்கள். ஓட்டம் ஆரம்பமானது ஏழு இருபத்தைந்துக்கு. மாசி மாதத்து வெயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம் எவ்வளவு பெரியது என்பதைப் பந்தலின் கீழ் இருந்தவர்களுக்கு விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை.

3. வல்லை வெளியில் இரண்டு இடங்களில் தண்ணீர் வைக்கப்படுமென எழுத்தில் உறுதி தரப்பட்டது. ஓரிடத்திலும் வைக்கப்படவில்லை. தண்ணீர்ப் பீப்பாக்களை ஏற்றிய லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் அச்சுவேலியில் மண்ணெண்ணெய் இல்லாமல் நின்றுவிட்டதாம். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு குழுவினரின் குற்றமல்ல. ஆனால் நான்கு சைக்கிள்களில் நான்கு குடம் தண்ணீரைக் கொண்டுபோயிருக்கலாம். அந்த நான்கு சைக்கிள்களும் விருந்தினரை வரவேற்க மைதான வாசலில் சோடிக்கப்பட்டு நின்றதை என் கண்ணால் கண்டேன்.

4. இவ்விடத்தில் என் கணவர் பக்கத்துப் பிழையையும் சொல்லவேண்டியது எனது கடமை. கல்வியங்காட்டிற்குப் போய்த் திரும்பி, பதினைந்தாவது மைலில் ஓட்டக்காரர்கள் மறுபடியும் புத்தூரைக் கடந்தார்கள். எங்கள் கணக்கின்படி என் கணவர் அவ்விடத்துக்கு ஒரு மணி ஐம்பத்தேழு நிமிடத்தில் வரவேண்டும். வந்தது ஒரு மணி ஐம்பது நிமிடத்தில். மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருக்கும் கனிசியஸ் என்ற நல்ல ஓட்டக்காரரோடு சேர்ந்து, தோளோடு தோள் ஒட்டி வந்தார். ஒன்பது மாதங்கள் நான் பக்கத்தில் நின்று கூடவிடாமல் பிடித்து வைத்திருந்த வேகம் அது. போட்டி விதியின்படி அன்று நான் பக்கத்தில் இருக்க முடியவில்லை. "மெல்லமாப் போங்கோ!" என்று வீதியோரத்தில் நின்று கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டு கையைக் காட்டிவிட்டுப் போனார்.

5. பதினெட்டாம் மைலுக்குப் பின் அவர் கனிசியஸைத் தொடர முடியாமற் போனார். வல்லை வெளியில் இரண்டு கால்களிலும் தசை இறுகிக்கொண்டது. அங்கே நிழலுக்கு ஒரு பூவரசும் கிடையாது. உப்புக் காற்று மட்டுமே. திருப்பத்தில் திரும்பி வந்துகொண்டிருந்த கனிசியஸ் தன் மடியிலிருந்த தேசிக்காய்த் துண்டை அவரிடம் கொடுத்து, "அண்ணை, நடந்தெண்டாலும் போங்கோ, நில்லாதேங்கோ" என்று சொல்லிச் சென்றதாக மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து தெரிவித்தார். கனிசியஸ் அன்று இரண்டாம் இடம் பெற்றவர். தன் வெற்றியைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்காமல் தேநீர் குடித்துவிட்டுப் போன அவருக்கு நான் நன்றியுடையேன்.

6. என் கணவர் நடந்து சென்று திருப்பத்தைத் தொட்டார். அங்கு நின்ற நடுவர் அவரது இலக்கத்தைப் பதிந்திருக்கிறார். திரும்பும் வழியில் மதகொன்றில் அமர்ந்து காலை நீவிக்கொண்டிருந்தபோது மேற்பார்வையாளர் இருவர் சைக்கிளில் வந்திருக்கிறார்கள். "அண்ணை, கரியரிலை ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறம்" என்று கேட்டார்கள். "வேண்டாம் தம்பிமார், கொஞ்சம் இருந்திட்டு வாறன்" என்று இவர் சொல்லியிருக்கிறார். அவர்கள் மைதானத்துக்கு வந்து "பதினேழாம் நம்பர் இருந்திட்டார்" என்று அறிவித்தார்கள். "இருந்திட்டு வாறன்" என்பதில் "வாறன்" என்றொரு சொல் உண்டு, ஐயா. அந்தச் சொல்லை வல்லையிலேயே விட்டுவிட்டு வந்ததுதான் இவ்வளவு சிக்கலுக்கும் காரணம்.

7. முற்பகல் பதினொன்றே முக்காலுக்குப் பதினான்காவது ஓட்டக்காரர் வந்து சேர்ந்தார். வேறு ஆறு பேர் வழியில் தாமாகவே விலகியிருந்தார்கள். உடனே பரிசளிப்பு. பன்னிரண்டு மணிக்கு முடிவுக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார்கள். நேரக் கணிப்பாளர் தியாகலிங்கம் அவர்களிடம் சென்று, ஒருவர் இன்னும் வரவேண்டியிருக்கிறது என்று சொன்னேன். அவர், "ரீச்சர், இனி ஆர் வரப்போகினம்? உங்கடை அவர் வல்லையிலை இருந்திட்டாராம். நீங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். அரை மணித்தியாலம் மட்டும் பொறுக்குமாறு கேட்டேன். சாப்பாடு ஆறிவிடும் என்றார்.

8. என் சைக்கிள் கையிலே இருந்தது. வல்லைப் பக்கம் போனால் வழியிலேயே அவரைக் கண்டிருக்கலாம், தண்ணீராவது கொடுத்திருக்கலாம். ஆனால் நானும் போய்விட்டால், அவர் வந்து சேரும்போது மைதானத்தில் எவரும் இருக்கமாட்டார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு தடவை சைக்கிளில் ஏறி இறங்கினேன். கடைசியில் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றேன். நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

9. குழுவினர் சாப்பாட்டுக்குப் போய்விட, அங்கு மிஞ்சிய ஒரேயொருவர், கதிரை வாடகைக்கு விடும் சிவக்கொழுந்து என்பவர். விருந்தினர் அமர்ந்திருந்த கதிரைகளை வண்டிலில் ஏற்றிக்கொண்டிருந்தார். முடிவுக்கோடு இருந்த இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கதிரைகளை விட்டுவைக்கும்படி கேட்டேன். "வெயிலிலை கிடந்தா வார்னிஷ் உரிஞ்சுபோம், ரீச்சர்" என்று முணுமுணுத்தாலும், தாமே தூக்கிவந்து வைத்துவிட்டார். பன்னிரண்டரை கடந்ததும் என் கணவர் மைதான வாசலால் உள்ளே வந்தார். நேரே கதிரைகளை நோக்கி வந்திருந்தால் முப்பது யார் தூரம்தான். விதியின்படி மைதானத்தை ஒருமுறை சுற்றியே முடிக்கவேண்டும். அவர் இடப்பக்கம் திரும்பிச் சுற்றத் தொடங்கினார். ஒரு காலை இழுத்து இழுத்து, வெறும் மைதானத்தைச் சுற்றினார். சிவக்கொழுந்து தலையிற் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துத் தோளிலே போட்டுக்கொண்டு, அவர் சுற்றி முடியும்வரை கதிரை ஏற்றாமல் நின்றார். கோட்டைத் தாண்டியதும் என் கணவர் கேட்ட முதற் கேள்வி, "பத்மா, ஆக்கள் எங்கை?" என்பதாகும். "நான் நிக்கிறன்" என்றேன்.

10. மறுநாள் ஒட்டப்பட்ட பட்டியலில் அவர் பெயருக்கு நேரே "இடையில் விலகியவர்" என்றிருந்தது. 01.03.1995 அன்று எழுத்தில் ஆட்சேபித்தேன். 08ஆந் திகதி மூன்று வரியில் பதில் வந்தது: முடிவுகள் இறுதியானவை, மனைவியின் சாட்சியம் ஏற்கத்தக்கதல்ல, கதிரைக்காரர் உத்தியோகபூர்வ நடுவர் அல்லர். 11ஆந் திகதி நேரில் சென்றபோது தியாகலிங்கம் அவர்கள், "கடைசியா வந்தாலென்ன, வராட்டியென்ன ரீச்சர், ரெண்டும் ஒண்டுதானே" என்றார். நல்ல மனிதர், என்னை ஆறுதற்படுத்தவே சொன்னார். ஆனால் பத்தொன்பது வருடங்களாகக் கணிதம் படிப்பிக்கும் எனக்கு அவ்விரண்டும் ஒன்றென்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

11. எங்கள் வீட்டு நிலைமையையும் சுருக்கமாகக் கூறுகிறேன். முதற் கிழமை முழுவதும் செத்த வீட்டுக்கு வருவதுபோல் சனம் வந்தது. "இந்த வயசிலை உது தேவையோ" என்று கேட்டவர்கள் பலர். இரும்புச்சத்துக் குறைவு என்றார் ஒருவர், கண்ணூறு என்றார் இன்னொருவர். என் கணவர் தோட்டத்துக்குப் பெரிய வீதியால் போவதை நிறுத்தி, ஒழுங்கையால் சுற்றிப் போனார். வெங்காயம் கிண்டும் நேரத்தில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வல்லைப் பக்கம் பார்த்தபடி நின்றார். சாப்பாட்டுக்கு இருத்தினால், "ஏழு நிமிசம், பத்மா" என்பார். பதினைந்தாம் மைலுக்கு முந்தி வந்த அந்த ஏழு நிமிடத்தைத்தான் சொல்கிறார். காலையிலும் ஏழு நிமிடம், மத்தியானமும் ஏழு நிமிடம். ஒருநாள் பொறுமையிழந்து, "நடந்தது நடந்துபோச்சு, சோறு ஆறுது" என்று அகப்பையைப் போட்டுவிட்டு எழும்பினேன். பிறகு நானும் சாப்பிடவில்லை.

12. எனினும், இம்மனுவுக்கு முதலில் எதிர்ப்புத் தெரிவித்தவரும் அவரே என்பதை மறைக்க விரும்பவில்லை. "அஞ்சு மணித்தியாலம் எண்டு ஊரெல்லாம் எழுதிக் குடுக்கப்போறீரோ? விலகினான் எண்டே கிடக்கட்டும். கால் பிடிச்சு விலகினான் எண்டால் அதிலை ஒரு மரியாதை இருக்கு" என்றார். நான் அன்று அவரோடு கடுமையாகக் கதைத்தேன். ஓடிய ஆறரை மணித்தியாலப் பாதையில் பாதியை அழிப்பதென்றால் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு மைலையும் அழியுங்கள் என்று கொப்பியை அவர் முன்னால் போட்டேன். கோபத்தில் ஐந்து மணித்தியாலத்தை ஆறரை என்று சொல்லிவிட்டதை உணர்ந்து, உடனே திருத்தியும் சொன்னேன். அதற்கு அவர் சிரித்துவிட்டார். ஓட்டத்துக்குப் பிறகு அவர் சிரித்த முதல் தடவை அது.

13. ஆகவே ஐயா, தாங்கள் தயைகூர்ந்து,
(அ) 17ஆம் இலக்க ஓட்டக்காரரை ஓட்டத்தை முடித்தவராக, பதினைந்தாவது இடத்தில் பதியுமாறு குழுவினருக்குப் பணிக்கவும்;
(ஆ) திருப்பத்து நடுவரின் பதிவேட்டைப் பார்வையிட்டு, கனிசியஸ், சிவக்கொழுந்து ஆகியோரின் வாக்குமூலங்களைப் பெறவும்;
(இ) இனிவரும் ஓட்டங்களில், எல்லா ஓட்டக்காரரும் வந்தனர் அல்லது தம் வாயால் விலகினர் என்பது உறுதியாகும்வரை முடிவுக் கயிறு அவிழ்க்கப்படலாகாது என விதி செய்யவும் வேண்டிக்கொள்கிறேன்.
பிரதம விருந்தினர் உரை ஓட்டம் முடிந்தபின் நிகழ்ந்தால் எல்லோருக்கும் நன்மை. இது கோரிக்கையல்ல, அபிப்பிராயம் மட்டுமே.

14. இறுதியாக ஒரு திருத்தம். குழுவினருக்கு நான் எழுதிய கடிதத்தில் என் கணவர் எடுத்த நேரம் ஐந்து மணி எட்டு நிமிடம் எனக் குறிப்பிட்டிருந்தேன். இம்மனுவின் முதற் பிரதியிலும் அவ்வாறே எழுதினேன். நேற்று மாலை அவர் அதைக் கேட்டு வாங்கி, முற்றத்தில் இருந்து முழுவதும் வாசித்தார். அவர் பிழையைச் சொல்லும் நான்காம் பந்தியை நீக்கச் சொல்வாரென எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. பேனையை வாங்கி எட்டை வெட்டிப் பன்னிரண்டு என்று எழுதினார். "நீர் மணிக்கூடு பாத்தது நான் வாசலுக்கை வரேக்கை. சுத்தி முடிச்சுக் கோடு தாண்டேக்கை நான் என்ரை மணிக்கூட்டைப் பாத்தனான்" என்றார். உண்மைதான். அவர் வாசலால் வருவதைக் கண்டபின் என் கண்களால் மணிக்கூட்டு முள்ளைப் பார்க்க இயலவில்லை. வாசலோடு கணக்கை நிறுத்திவிட்டேன். அவரோ, சரியான நேரத்தை இருபத்தொரு நாட்கள் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். ஆதலால், பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம் என்றே பதியுமாறு கேட்டுக்கொள்கிறோம். அதில் ஒரு நிமிடமும் குறைக்க வேண்டாம்.

தங்கள் நீதியான முடிவை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்) பத்மாசினி சோமசேகரம்

மேலே கண்ட விபரங்கள் யாவும் சரி.
(ஒப்பம்) க. சோமசேகரம், இலக்கம் 17

இடம்: புத்தூர்
திகதி: 20.03.1995