கேட்டுக்கு வெளியே ஒரு பொறி

இன்று காலை புல் வெட்டும் மெஷினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். நுனியில் கரி அப்பியிருந்தது. பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய் நாற்பது நாளாகிறது. உன் காரியத்துக்கு வந்தவன், இலையில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு யாரிடமும் பேசாமல் பஸ் ஏறிவிட்டேன்.

நம் தீப்பெட்டி ஆபீஸில் நீ கேட்டில் வாட்ச்மேன், நான் மெக்கானிக். வெளியூர் வியாபாரிகள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று முதலாளி ஆபீஸ் முன்னால் புல்தரை போட்டார். கரிசலில் அது நிற்குமா? கோடை வந்தால் கை நுழைகிற அளவுக்கு மண் வெடிக்கும். அதனால் லாரி லாரியாகச் செம்மண் வந்து இறங்கியது. "ஆடு மேய வேண்டிய புல்ல மெஷினு மேயப் போவுதாக்கும்" என்றாய். உன் வீட்டில் அப்போதும் எட்டு ஆடு நின்றது.

கேட்டில் நீ பொல்லாதவன். தீப்பெட்டி செய்கிற இடத்துக்குள் யாரும் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது என்று மேஸ்திரியின் மடியைக்கூடத் தடவிப் பார்ப்பாய். என் பிளக்குக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தாய். கழற்றிய பிளக்கை வயரில் மாட்டி, என்ஜின் மேல் சாய்த்து, ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றை இழுத்தால் நுனியில் நீலமாகப் பொறி வரும். வந்தால் நல்ல பிளக். அந்தச் சோதனையை மட்டும் கேட்டுக்கு வெளியே, ரோட்டோர வேப்பமரத்தடியில்தான் செய்ய வேண்டும். "என்ஜினுக்குள்ள எரியுத நெருப்பு வேற, வெளிய காட்டுத நெருப்பு வேற" என்பாய். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் தள்ளிக்கொண்டு போவேன்.

ஒரு ஐப்பசியில் மழை கொட்டி அப்போதுதான் விட்டிருந்தது. மறுநாள் வடக்கேயிருந்து வியாபாரிகள் வருகிறார்கள், புல் கணுக்காலை மூடிவிட்டது, மெஷினோ கிளம்பமாட்டேன் என்கிறது. என் மொபெட்டின் பிளக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். வெளியே போனால் கரிசல் சகதி சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், சுரண்டி எடுக்கவே அரை நாள் போய்விடும். உள்ளே ஈரமில்லாத ஒரே இடம் மருந்து அறையின் தாழ்வாரம். தீக்குச்சிக்கான மருந்தைக் கலக்குகிற அறை. புத்தி கெட்டுப்போய் அங்கே வைத்துத்தான் கயிற்றை இழுத்தேன்.

பொறி வந்தது. நிமிர்ந்தால் நீ நிற்கிறாய். அடுத்த அறையில் பெண்கள் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உன் மனைவியும் அதில் ஒருத்தி.

நீ சத்தம் போடவில்லை. "முதலாளிட்ட நீயே போய்ச் சொல்லிரு. நான் சொன்னா கோளு" என்றாய்.

எனக்கு வேலை போய்விடும் என்று பயம். மூத்தவள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் அது. நான் சொல்லவில்லை. மறுநாள் நீ கேட்டபோது, சொல்லிவிட்டேன் என்றேன். முதலாளி திட்டிவிட்டு மன்னித்துவிட்டார் என்று கூடவே இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன். உனக்கு அவ்வளவு சந்தோஷம். டீ வாங்கிக் கொடுத்தாய். அதன்பின் எத்தனையோ வருஷம் ஒரே பெஞ்சில் டீ குடித்தோம். உன் மகள் கல்யாணத்தில் பந்தி முழுக்க நான்தான் சாம்பார் ஊற்றினேன். நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தப்பித்தோம் என்று இருந்தேன்.

இன்று அந்தக் கரிப் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே முதலாளி அறைக்குப் போனேன். உன்னிடம் சொன்ன பொய் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"எனக்குத் தெரியும்லே. உன்ன மன்னிச்சு விட்டதுக்குக் கும்பிடு போட அன்னைக்குச் சாயங்காலமே அவன் வந்தான். என்ன சொல்லுதான்னே எனக்குப் புரியல. அப்புறந்தான் நீ எங்கிட்ட வரவே இல்லைன்னு அவனுக்குப் புரிஞ்சுது. 'அவனா வந்து சொல்லுவான் அண்ணாச்சி, அதுவரைக்கும் ஒண்ணும் கேட்டுராதிய'ன்னான்."

இத்தனை வருஷமும் தெரிந்துகொண்டேதான் என்னோடு டீ குடித்திருக்கிறாய்.

"ஆஸ்பத்திரியில பாக்கப் போனப்பவும் உன்னத்தான் கேட்டான், எங்கிட்ட வந்தானான்னு. இல்லைன்னேன். வருவாம்னான்" என்றார் முதலாளி.

என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. வெளியே வந்து புதுப் பிளக்கை எடுத்துக்கொண்டு மெஷினைக் கேட்டுப் பக்கம் தள்ளினேன். நேற்று நல்ல மழை. உன் இடத்தில் இப்போது நிற்கிறவனுக்கு உன் சட்டம் தெரியாது. "இங்கனயே பாக்கலாமே அண்ணாச்சி, யாரு கேக்கப் போறா?" என்றான். நான் சகதியில் இறங்கி, வேப்பமரத்தடியில் நிறுத்திக் கயிற்றை இழுத்தேன். பொறி நன்றாக வந்தது.

வந்துட்டேம்லே. சக்கரத்துச் சகதியைச் சுரண்டி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.