விலை பேசாமல் வாங்கிய சேவல்

உக்குவளை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் சர்மிளாவுக்கு, ஹமீமா மாமி எழுதுவது. படைத்தவன் உன்னை மஸ்கட்டில் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பானாக.

போன செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் முற்றத்தில் இருந்தவர்கள் நான், என் மதினி முனவ்வரா, நாவுலயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து கோழி வாங்கும் ரவூப், உன் அம்மா வேலம்மா. வேறு யாரும் இல்லை. நடந்ததை நான் கூட்டிச் சொல்வதாக நீ நினைக்கக் கூடாது என்பதற்காகத்தான் ஆட்களை எழுதுகிறேன்.

சிவப்புச் சேவல் ஒன்று விற்க இருந்தது. தவிடு, குருணல், மருந்து எல்லாம் கொப்பியில் கூட்டி, என் உழைப்பையும் சேர்த்துப் பார்த்தால் மூவாயிரம் நியாயம். ஆனால் வாயால் மூவாயிரத்து ஐந்நூறு என்றுதான் சொல்வேன். வாங்குகிறவர்கள் குறைத்துக் கேட்பார்கள், நானும் இறங்கி வருவேன். உன் அம்மாவை உனக்குத் தெரியாதா? ஒரு முட்டை வாங்க வந்தாலே, "ஹமீமாம்மா, என்னா இது கோலிக்குண்டு கணக்கா இருக்கு, ஒங்க கோழிக்குக் காய்ச்சலா?" என்று விலையைக் குறைத்துவிடுகிற ஆள்.

அன்று அப்படி இல்லை. தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு வந்திருந்தார். சேவலைத் தூக்கிப் பார்க்கவில்லை, நெஞ்செலும்பைத் தடவிப் பார்க்கவில்லை. விலை கேட்டார், சொன்னேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, முழுப் பணத்தையும் வெற்றிலையில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினார். சேவலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேட்டில் ஏறிப் போய்விட்டார். குறைத்துக் கேட்பார் என்று காத்திருந்த நான் வெற்றிலையோடு அப்படியே நின்றேன்.

ரவூப்தான் சிரித்தார். "ராத்தா கெட்டிக்காரி. சாமிக்கு நேர்ந்து விடுற சேவலுக்கு இவங்க விலை பேச மாட்டாங்க. தெரிஞ்சுதானே கூட்டிச் சொன்னீங்க?" என்றார். அல்லாஹ் அறிவான், எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் தெரியாது.

மறுநாள் ஐந்நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு மேட்டில் உன் அம்மா இருக்கும் லயத்துக்குப் போனேன். நேர்த்தி யாருக்கு என்று அப்போதுதான் தெரிந்தது. நோன்புப் பெருநாளுக்குப் பிறகு உன் அழைப்பே வரவில்லையாம். ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது. நானும் உன் நம்பரை அழைத்துப் பார்த்தேன், அரபியில் ஏதோ சொல்லிக் கட்டாகிவிடுகிறது.

காசை நீட்டியதும் உன் அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எம் புள்ளை கொரலைக் கேட்டாப் போதும்னு ஆத்தாகிட்ட நேந்துக்கிட்டேன். அதுல கொறைச்சு வாங்குனா, புள்ளைக்கே வெலை பேசுன மாதிரி ஆயிரும்மா" என்றார்.

காசோடுதான் திரும்பி வந்தேன், மகள். என் மார்க்கம் வேறு, அவர் வணங்கும் வழி வேறு. ஆனாலும் ஒரு தாய் தன் வாயைக் கட்டிக்கொண்டு, விலை முழுவதையும் என் நாவில் விட்டுவிட்டு நின்றிருக்கிறார். அந்த நாவைக் கேள்வி கேட்கிறவன் ஒருவன் இருக்கிறான். தொழுகையில் நிற்கும்போதும் அந்த வெற்றிலை கண்முன் வருகிறது.

அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒரே விலைதான் சொல்கிறேன். "மதினி, நீங்க கோழி விக்கிறீங்களா, பஸ் டிக்கெட் விக்கிறீங்களா?" என்று முனவ்வரா கேலி செய்கிறாள். மறுபடி வந்த ரவூப், விலை குறையாததால் வெறுங்கையோடு திரும்பிப் போனார். போகட்டும்.

சேவல் தோட்டத்துக் கோயில் வளவில் நிற்கிறது, காலில் மஞ்சள் துணி கட்டியிருக்கிறார்கள். நான் சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போது அது கூவுவது கேட்கும். வெளியே வந்து பார்த்தால், உன் அம்மாவின் லயக் காம்பராவில் அதற்கு முன்பே லைட் எரியும்.

உன்னை அனுப்பிய ஏஜென்சிக் கடதாசியை உன் அம்மாவிடம் வாங்கி, இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து உன் விலாசத்தை எழுதியிருக்கிறேன். நீ வேலை செய்யும் வீட்டு அம்மா யாரையாவது கொண்டு இதை வாசிக்க வைத்தாலும் பயமில்லை, கோழி விலைதானே எழுதியிருக்கிறேன். அவருக்கும் என் ஸலாமைச் சொல். அவரும் பிள்ளை பெற்றவராக இருப்பார்.

அந்த ஐந்நூறு ரூபாய் அலுமாரியில் ஒரு கோப்பையில் இருக்கிறது. எனக்கு அது ஹலால் இல்லை, உன் அம்மாவும் தொடமாட்டார். உனக்காகக் கொடுத்த காசு, அதனால் என்ன செய்வது என்று நீதான் சொல்ல வேண்டும். அதை எழுத நேரம் இல்லாவிட்டால் உன் பெயரை மட்டுமாவது உன் கையால் எழுதி அனுப்பு. நான் மேட்டில் ஏறிக் கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

சீக்கிரம் பதில் போடு, மகள்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
ஹமீமா மாமி