பாதம் விட்ட ரக்கூன்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம்; நான் பார்க்கும் கொதிகலன்களும் நலம்.

ஞாயிறன்று, இங்கு வந்த ஏழு மாதத்தில் முதல்முறையாக, கூட வேலை செய்யும் மூவரைச் சாப்பிட அழைத்தேன். நீங்கள் வேட்டையாடி உறையவைத்துக் கொடுத்த ரக்கூனைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு வேகவைத்தேன். தோலுரித்தால் பூனை மாதிரியே இருக்குமே, அதனால் பூனை இல்லை என்று தெரிய, நம் ஆர்கன்சா வழக்கப்படி ஒரு பாதத்தை வெட்டாமல் விட்டிருந்தேன்.

மூவரில் ப்ரெண்ட் என்பவன் சட்டியின் மூடியைத் திறந்தான். “டேய், இதுக்கு விரல் இருக்குடா!”

“பூனை இல்லன்னு காட்டத்தான் விட்டேன்.”

“பூனைன்னாலும் பரவால்லடா, இது கை குலுக்க வருது!”

எல்லோரும் சிரித்தோம். பிறகு அவர்கள் பீட்சா தின்னக் கிளம்பினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். போகவில்லை.

மூன்று நாளாக அதையேதான் சாப்பிடுகிறேன், ருசிக்குக் குறைவில்லை. அடுத்த முறை சமைக்க, ஒரே ஆளுக்கு அளவாக இருப்பது அணிலா, முயலா? எழுதுங்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

லீமன்