பெரியவர் அழித்த கண்டல்

ஐப்பசி, வெள்ளி இரவு

வாகரைப் பக்கம் வேடர் ஊரில் கதை சேகரிக்கும் பயிற்சிக்குப் போன என் மாணவி சுகந்தி, தன் குறிப்பை இன்று வகுப்பில் வாசித்தாள். அங்கே காட்டில் யானையைப் பெயர் சொல்லாமல் பெரியவர் என்பார்கள். கடலோரக் களப்பு நீரில், சேற்றில் வேரூன்றிய கண்டல் மரங்களிடையே இறால் பிடிக்கும் தங்கம்மா சொன்னாளாம்: “பெரியவர் வந்து கண்டலெல்லாம் அழிச்சுப்போட்டார் மகள். இனி இறால் எங்க ஒதுங்கும்?” சுகந்தி, யானைகள் அழித்தன என்று எழுதியிருந்தாள்.

“ஆனா அடிக்கட்டையெல்லாம் மரம் அறுக்கிற வாளால அறுத்தமாதிரிக் கிடந்திச்சு மிஸ்,” என்றாள்.

“யானை வாள் வாங்கிட்டுது போல!” என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது.

அந்தக் களப்போரம் புதிதாக இராணுவ முகாம் வந்திருக்கிறது. அறுத்தது யாரென்று திருத்தி எழுதினால், அங்கிருந்து தங்கம்மாவைத் தேடி வருவார்கள்.

“யானை என்றே இருக்கட்டும்,” என்றேன்.

எல்லோரும் போனபின் சுகந்தி மெதுவாகக் கேட்டாள்: “அப்ப, பெரியவர் எண்டே போடட்டா மிஸ்?”

தங்கம்மா சொன்ன பெரியவர் யாரென்று அவளுக்கும் விளங்கிவிட்டது. இனி அவளுக்காகவும் பயப்பட வேண்டும்.