செத்த ராஜா எழுந்து பாடும் கொட்டகை

நாடகம் என்றால் பசிகூடத் தெரியாத என் அன்புக்குரியவருக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். தென்னூர் வீட்டுக்கு ஓடு மாற்றியாயிற்று, இந்த மழைக்கு ஒழுகவில்லை. சுந்தரம் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறான். உங்கள் மகள் வள்ளியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எனக்கு நாடகம் பிடிக்காது. நீங்கள் இருக்கும்போதே அதைச் சொல்லிவிட்டேன், இப்போது மாற்றிச் சொல்லப் போவதில்லை. விஷம் குடித்தவன் சுருண்டு விழாமல், ஆர்மோனியத்தோடு நின்று நிதானமாகப் பாடுவானாம். ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்குக் குழந்தைகள் இரண்டையும் குதிரைவண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் கொட்டகைக்குப் போய்விடுவீர்கள். எனக்கு வீட்டில் நிம்மதியாக ஒரு தூக்கம் கிடைக்கும்.

திரும்பி வரும்போது மூன்று பேருக்கும் தொண்டை கட்டியிருக்கும். ராஜா பாடி முடித்துச் செத்து விழுந்ததும் கொட்டகையே 'ஒன்ஸ் மோர்' என்று கத்துமாம். ராஜா எழுந்து, உடுப்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, அதே பாட்டை இன்னொரு தடவை பாடி மறுபடியும் சாவாராம். வள்ளியைத் தோளில் தூக்கி வைத்துக் கத்தச் சொல்வீர்களாம். தான் கத்தியதால்தான் ராஜா எழுந்தார் என்று அவள் வந்து சொல்வாள். நீங்களும் ஆமாம் போடுவீர்கள். உங்கள் மூவருக்கும் மிளகு ரசம் வைத்தே என் சாயங்காலம் போகும்.

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன அன்று, லால்குடியிலிருந்து உங்கள் அண்ணன் வந்து சேர்ந்தார். கூடத்தில் உங்களைக் கிடத்தியிருந்தார்கள். வள்ளி பெண்களை விலக்கிக்கொண்டு வந்து, உங்கள் காலடியில் நின்று, 'ஒன்ஸ் மோர்' என்றாள். அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மறுபடியும் சொன்னாள். உங்கள் அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நாடகம் காட்டிக் காட்டிக் குழந்தைகளைக் கெடுத்து வைத்திருக்கிறான், இனி இந்த வீட்டிலிருந்து யாரும் கொட்டகைப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பு இல்லை.

அதற்கப்புறம் வள்ளி அதிகம் பேசவில்லை. அழவும் இல்லை. எவ்வளவு சமர்த்து என்று அக்கம்பக்கத்தில் மெச்சினார்கள். போன வாரம் தலை வாரிவிடும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நான் மெதுவாக் கூப்பிட்டுட்டேம்மா. அன்னிக்கு எனக்குச் சத்தமே வரல. அதான் அப்பா எந்திரிக்கல."

சீப்பைக் கீழே வைத்துவிட்டு அவளை என் பக்கம் திருப்பினேன். இத்தனை நாளும் அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டுதான் சமர்த்தாக இருந்திருக்கிறாள். அப்படி இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். அவள் கண்ணால் பார்த்ததை என் பேச்சு மாற்றுமா? உங்கள் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. அதெல்லாம் நடிப்பு என்று அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை அழைத்துக்கொண்டு நானே ஸ்ரீரங்கம் போனேன். வருஷம்கூடத் திரும்பவில்லை, வெள்ளைப் புடவையோடு நாடகமா என்று பெண்கள் பக்கத்தில் முணுமுணுத்தார்கள். காதில் விழாதது மாதிரி இருந்துவிட்டேன். ராஜா பாடி விழுந்தார், கொட்டகை கத்தியது, எழுந்தார். வள்ளி என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்ததும் கொட்டகையின் பின்பக்கம் போனோம். தட்டி மறைவில் அந்த ராஜா டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து, தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். துணியைக் கீழே வைத்துவிட்டு வள்ளியைக் கிட்டே கூப்பிட்டார்.

"நான் சாகவே இல்ல பாப்பா. சும்மா கண்ண மூடிப் படுத்திருந்தேன். ஆனா எங்கப்பா நெஜமாவே செத்துப் போனாரு. எனக்கு எவ்வளவு பெரிய தொண்டைன்னு பாத்தீல்ல? நானும்தான் கூப்பிட்டேன்."

"எந்திரிக்கலையா?"

"எந்திரிக்கல."

வள்ளி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாதி முகம் ராஜாவாகவும் பாதி முகம் மனுஷராகவும் இருந்தது. பிறகு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி காவேரிப் பாலத்தில் ஏறியபோது என்னிடம் கேட்டாள்.

"அப்ப என் மேல தப்பு இல்லையாம்மா?"

இல்லை என்றேன். அப்போதுதான் அழுதாள். அப்பா, அப்பா என்று வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டு அழுதாள். நான் அடக்கச் சொல்லவில்லை. சுந்தரமும் அழுதான், நானும் அழுதேன்.

இனிமேலும் குழந்தைகளை அழைத்துப் போவேன். உங்கள் அண்ணனுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், மணி அடித்துத் திரை தூக்குவதிலிருந்து மங்களம் பாடுகிற வரைக்கும் அவர்களோடு உட்கார்ந்திருப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

சுந்தரத்துக்கும் வள்ளிக்கும் அம்மா,
உங்கள் வீட்டுக்காரி.