தாடைக்கடியில் தீப்பெட்டி

அக்கா,

இன்று காலை அந்தச் சாக்கு மெத்தையின் ஓரம் பிரிந்துவிட்டது. அச்சாபீஸில் கேட்டு வாங்கி வந்து நீங்கள் அடைத்த வெட்டுத்தாள் வீடெங்கும் கொட்டிக் கிடக்கிறது. சிவப்பும் மஞ்சளுமாகக் காலண்டர் ஓரங்கள். மை வாசனை இன்னும் போகவில்லை. சின்னவன் அதை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு சிரிக்கிறான். எனக்குத்தான் பெருக்க மனம் வரவில்லை. உங்களிடம் ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது. மூன்று வருடம் தாமதம்.

பாப்பா அப்போது யு.கே.ஜி. பள்ளி ஆண்டு விழாவில் வரிசையாகக் குட்டிக்கரணம் போடும் பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. மற்றதெல்லாம் உருண்டு எழுந்துவிடும். இவள் மட்டும் பக்கவாட்டில் சரிவாள். ஒரு வாரத்தில் வராவிட்டால் நிறுத்திவிடுவேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. மேடையில் அவள் இல்லாமல் போய்விட்டால் என்று ஒரு பயம். கழுத்து சுளுக்கிக்கொண்டால் என்று இன்னொரு பயம். தினமும் பாயை விரித்து, பிடரியை உள்ளங்கையில் தாங்கியபடியே உருட்டுவேன். அவள் என் கைமேலேயே சாய்ந்து சரிவாள். பிறகு இரண்டு பேரும் அழுவோம்.

உங்கள் கொழுந்தன் பெண்டாட்டி நான். ஒரே வளவில் அடுத்தடுத்த வீடு. ஏழாயிரம்பண்ணையிலிருந்து பட்டாசுக் கம்பெனி வேன் உங்களை இறக்கிவிட வந்து நின்றால் போதும், பாப்பா என் கையை உதறிவிட்டு ஓடுவாள். "பெரியம்மா!" அந்தக் குரலில் என்னை அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நாள் முழுக்கக் கூட இருக்கிறவளுக்கு அந்தக் குரல் கிடைக்காது போல.

ஒரு சாயங்காலம் நீங்கள் அவளை இந்தச் சாக்கில் குனியவைத்து இடுப்பில் லேசாகத் தட்டினீர்கள். பாதி உருண்டுவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

"அக்கா, பட்டாசு மருந்துக் கையோட பிள்ளையத் தொடாதீங்க" என்றேன்.

பி.எஸ்சி. வேதியியல் படித்தவள் இல்லையா? கந்தகம், அலுமினியம் என்று ஒரு பாடமே நடத்தினேன். நீங்கள் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்திருந்தீர்கள். நகக்கண்ணில் மட்டும்தான் வெள்ளிப் பவுடரின் மினுக்கம். அதனால் ஒன்றும் ஆகாது என்பது எனக்கு அப்போதே தெரியும்.

விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டீர்கள். "செரித்தா, தொடல. படிச்ச பிள்ள சொன்னா செரியாத்தேன் இருக்கும்."

மறுநாள் ஒரு காலித் தீப்பெட்டியோடு வந்தீர்கள். அதைச் சாக்கின்மேல் வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றீர்கள்.

"ஏ பாப்பா, இங்கன வா. இத எடுத்துத் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவுல இடுக்கிக்க. விளுந்துச்சுன்னா நீ தோத்த. நசுங்குச்சுன்னா செயிச்ச. அம்புட்டுத்தேன்."

"நீங்க பிடிச்சுக்கங்க பெரியம்மா."

"என் கைக்கு இன்னைக்கு லீவு. தீவாளி சீசன்ல கம்பெனிக்காரன் குடுக்காத லீவ உங்கம்மா குடுத்திருக்கா."

எனக்குச் சுருக்கென்றது.

மூன்று முறை தீப்பெட்டி விழுந்தது. நான்காம் முறை பாப்பா பந்தாகச் சுருண்டு, உருண்டு, உட்கார்ந்தாள். நசுங்கிய பெட்டி தாடைக்கடியிலேயே இருந்தது. யாரும் அவளைத் தொடவில்லை. எழுந்ததும் உங்களைக் கட்டிக்கொள்ளத்தான் ஓடினாள். நீங்கள் கையை அவிழ்க்காமல் ஓரடி பின்னால் போனீர்கள். "உங்கம்மாட்டக் காட்டு, போ."

நீங்கள் அனுப்பித்தான் என்னிடம் வந்தாள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆண்டு விழா போட்டோவில்கூட அவள் கண் கேமராவில் இல்லை. நீங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் இருக்கிறது. ஆல்பத்தில் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவேன்.

பிறகு உங்களுக்கு மஞ்சள்காமாலை. பெரியாஸ்பத்திரிக்குப் பாப்பாவை அழைத்து வந்தேன். அவள் கட்டிலருகே வந்ததும் உங்கள் இரண்டு கையும் போர்வைக்குள் போயின. பார்த்தேன். 'தொடுங்கக்கா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளோ குனிந்து உங்கள் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்திலும், அக்கா, எனக்குப் பொறாமைதான் வந்தது. வார்த்தை வரவில்லை. நான்காம் நாள் நீங்கள் இல்லை.

கையில் வந்ததை மட்டும் அள்ளி அடைத்து, பிரிந்த ஓரத்தைத் தைத்துப் போட்டேன். பாப்பா தம்பிக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாள். தாடைக்கடியில் தீப்பெட்டி வைத்தாள். நான் பழக்கதோஷத்தில் அவன் பிடரிக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"அம்மா, கையப் பின்னால கட்டுங்க. பெரியம்மா அப்படித்தான் நிப்பாங்க."

அதுவும் பயிற்சியில் ஒரு பாகம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். கட்டிக்கொண்டு நின்றேன். பிள்ளை சரியும்போதெல்லாம் கை தானாக அவிழப் பார்க்கிறது. எப்படித்தான் நின்றீர்களோ.

கையைக் கட்டவைத்தது நான்தான் என்று பாப்பாவிடம் இன்று சொல்லப்போகிறேன். சொன்னால் உங்கள்மேல் அவளுக்குப் பிரியம் இன்னும் கூடும். அதுவும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

சொல்லிவிடுகிறேன், அக்கா.