எண்ணூர் ஆற்றில் என் நாலு படகுகள்

1932 ஜனவரி 9, சனி

பனி. எதிர்க்கரை தெரியவில்லை. காலையிலிருந்து பெரிய படகுக்குத் தார் பூச்சு. என்னிடம் படகோட்டும் சவரி அண்ணன் அடிப்பக்கம், நான் மேல் பலகை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் விரல் கருப்பு போகவில்லை.

நாளைக்கு: துடுப்பு எட்டு, மெத்தை ஆறு, தூண்டில் கழிகள், உயிர் இறால் ஒரு பானை, சோடா.

பத்து மணிக்குச் சவரி அண்ணன் ஓடிவந்தார். "தங்கச்சி, படித்துறையில பலகை ஒண்ணு அடிச்சிகீறானுங்க. இன்னா எயுதிகீதுன்னு வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். இங்கிலீஷ். வாடகைப் படகுகள் இங்கே ஆள் ஏற்றவோ இறக்கவோ கூடாதாம். ஆற்றங்கரைத் துரைமார் கிளப்பின் உத்தரவு.

அந்தப் படிக்குக் கருங்கல் வந்து இறங்கியதே எங்கள் படகில்தான். என் வீட்டுக்காரர் தோள் தோலுரிய இறக்கினார். அவர் போய் மூன்று வருஷம். விட்டுப்போன நாலு படகையும் துரைமார் மீன் பிடிக்க, உலாவ, வாடகைக்கு விட்டுத்தான் என் ஜீவனம். போன வருஷம் துரைகளுக்கே சம்பள வெட்டு. பத்து பேர் வந்த இடத்தில் மூன்று பேர். அந்த மூன்று பேரும் இனி எங்கே இறங்குவார்கள்? என் தலையிலா?

10, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. இந்த மனதோடு முழங்கால் போட்டு என்ன பிரயோசனம்.

காலை ரயிலில் துரைமார் ஐந்து, துரைசானி இரண்டு. எப்போதும் என்னிடம் வரும் கூட்டம். கிளப் வாட்ச்மேன் வழியிலேயே மடக்கி, கிளப்பின் புதுப் படகில் ஏற்றிவிட்டான். ஓட்டினது யார்? என் கொழுந்தன் அந்தோணி. தலையில் வெள்ளைத் தொப்பி. ராயபுரத்தில் என் கையால் சோறு தின்று வளர்ந்தவன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"டேய் அந்தோணி!" என்று கத்தினேன். துரைசானிதான் திரும்பிப் பார்த்தாள்.

இறால் பானையிலேயே செத்தது. வறுத்தேன். எனக்கு இறங்கவில்லை. சவரி அண்ணன் இரண்டு பங்கும் சாப்பிட்டார்.

12, செவ்வாய்

செகரெட்டரி துரையைப் பார்க்கக் கிளப் பின்வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். வெயில். கடைசியில் பட்லர் வந்து, "தொரைக்கு டயம் இல்லியாம்." அவ்வளவுதான். உள்ளே பந்து அடிக்கிற சத்தம்.

சாயங்காலம் அந்தோணி வீட்டுக்கே வந்தான். கையில் பிஸ்கட் பொட்டலம்.

"கோச்சுக்காதே அண்ணி. நாலு படகையும் கிளப்புக்கே குட்த்துடு. பொம்பளைக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? வூட்ல நிம்மதியா குந்திகினு இரு."

"பலகை அடிக்கச் சொல்லி யோசனை குடுத்தது யாருடா?"

தொப்பியைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். புரிந்துபோயிற்று.

பிஸ்கட்டை ஆற்றில் வீசினேன். மீனாவது தின்னட்டும்.

13, புதன். போகி

தெருவெல்லாம் புகை. கண் எரிச்சல்.

சவரி அண்ணனோடு முகத்துவாரக்குப்பம் போனேன். படகு கட்ட அங்கே ஒரு ஓரம் கேட்டேன். குப்பத்துத் தலைவர் வலை தைத்துக்கொண்டே பேசினார், நிமிரவில்லை.

"வல காயப்போட்ற எடம்மா இது. ஒங்க தொரைங்க பூட்ஸ் காலோட மிதிச்சிகினு போவானுங்க."

"துரைங்க இவ்வளவு தூரம் மணலில் நடக்க மாட்டாங்க."

"அப்போ படகுல யாரு ஏறுவா? காக்காவா?"

எனக்கே தெரியவில்லை. சவரி அண்ணன்தான் சொன்னார்: "காணும் பொங்கலுக்குக் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி சனம் ரயில் ரயிலா வருது. மணல்ல குந்தி புளிசோறு துன்னுட்டுப் பூடுது. அதுங்க ஏறினா படகு முயுகிடுமா?"

தலைவர் சிரித்தார். ஒரே நிபந்தனை: குப்பத்தில் யாராவது காயலாவாகப் படுத்தால், எந்த நேரமானாலும் அக்கரை சேர்க்கப் படகு தர வேண்டும். சரி என்றேன்.

வரும் வழியில் சவரி அண்ணன் மீதும் கோபம். இவ்வளவு நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை? கேட்டேன். "நீ எங்க கேட்டே?" என்றார்.

16, சனி. காணும் பொங்கல்

நல்ல வெயில், காற்று கம்மி. எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதியே தீர வேண்டும்.

எட்டு மணிக்கே குப்பத்துக் கரையில் கூட்டம். கரும்பு, தூக்குச்சட்டி, குழந்தைகள். சவரி அண்ணன் கூவி அழைக்க, இரண்டு படகு உடனே நிரம்பியது. மூன்றாவதுக்கு வியாசர்பாடிக் குடும்பம் ஒன்று. ரயில்வே பட்டறையில் பிட்டர், பெயர் முனுசாமி. மனைவி, தங்கை, பத்து வயது மகள். அவர் படகில் கால் வைக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"யம்மா, போன வருசம் படித்துறையில படகு இல்லேன்னு சொன்னது நீதானே?"

நான்தான். மூன்று படகு கட்டிக் கிடந்தது. சேரிக்காரர்கள் உட்கார்ந்த படகில் துரைமார் உட்கார மாட்டார்கள் என்று பயம். துரைமார் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. நானாகவே நினைத்துக்கொண்டேன். மனசறிந்து எழுதுகிறேன்: இவர்களை ஏற்ற எனக்கும் மனமில்லை.

சுற்றி எல்லோரும் பார்த்தார்கள். சவரி அண்ணன் தண்ணீரைப் பார்த்தார்.

"பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியும். கண்ணு எதிர்ல கட்டிகினு இருந்துச்சே. எங்களுக்கு இன்னா கண்ணு அவிஞ்சா பூச்சு?"

ஓடிப்போய் மெத்தை எடுத்துவந்து போட்டேன். அதை எடுத்து மணலில் வைத்தார். "மெத்தை வாணாம். துடுப்பு ஒண்ணு எம் பொண்ணு கையில குடு. போன வருசம் வூடு வரிக்கும் அய்துகினே வந்துச்சு."

கொடுத்தேன். மனைவி கண்ணம்மாள் மட்டும் ஏறவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க" என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

நானே பின் துடுப்பு போட்டேன். நடு ஆற்றில் எதிரே கிளப் படகு. அந்தோணி, நாலு துரைமார்.

"ஒதுங்கு அண்ணி! தொரைங்க வராங்க!"

ஆழம் இருந்தது என் பக்கம். அவன் பக்கம் மணல் திட்டு. அவன் அண்ணன் எத்தனை முறை சொல்லிக்கொடுத்திருப்பார். நான் ஒதுங்கவில்லை. முனுசாமியின் மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு துடுப்பு வலித்தாள். அவன் ஒதுங்கினான். சர்ரென்று திட்டில் ஏறி உட்கார்ந்தது கிளப் படகு.

"அண்ணி, ஒரு கை குடு! தள்ளிவுடு!"

"சாயங்காலம் தண்ணி ஏறும். அது வரைக்கும் நிம்மதியா குந்திகினு இரு."

முனுசாமி விழுந்து விழுந்து சிரித்தார். நானும். முழங்கால் தண்ணீர்தான், துரைமார் பூட்ஸைக் கழற்றிவிட்டு நடந்தே கரையேறினார்கள்.

17, ஞாயிறு

மேகம். ஆள் வரவில்லை. எல்லோரும் நேற்றே வந்து போய்விட்டார்கள்.

நேற்று சிரித்த சிரிப்பு இன்று கசப்பு. யார் மேல் கோபம் என்று எண்ணிப் பார்த்தேன். செகரெட்டரி. அந்தோணி. பட்லர். எல்லோரையும் திட்டி முடித்த பிறகும் மிச்சம் இருக்கிறது. மணலில் உட்கார்ந்திருந்த கண்ணம்மாளின் முதுகு. பின்வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றதற்கே எனக்கு இத்தனை ஆங்காரம். அவளுக்கு எவ்வளவு இருக்கும்?

அந்தோணியின் கிளப் வேலை போயிற்றாம். சவரி அண்ணன் சொன்னார். என் வாசலுக்கு வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

19, செவ்வாய்

கொருக்குப்பேட்டையில் இறங்கி வியாசர்பாடிக்கு நடை. தூறல். விசாரித்து விசாரித்து முனுசாமி வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் பட்டறைக்குப் போயிருந்தார். கண்ணம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் புத்தர் படம், அதன் கீழ் ஒரு அகல்.

"இன்னா வோணும்?"

"உன்னைத்தான் பார்க்க வந்தேன். போன வருஷம் நான் செய்தது..."

"வாணாம். வாயால சொல்லிட்டா பூடுமா?" முறம் நிற்கவில்லை. "எங்க நாத்தனாரு புதுப்பொடவை கட்டிகினு வந்துச்சு அன்னிக்கு. திரும்பி நடந்தோமே, ரயிலடி வரிக்கும் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல. அது தெரியுமா ஒனக்கு?"

தெரியாது என்றேன். நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. கடைசியில் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். குடிக்கிறேனா என்று கண் கொட்டாமல் பார்த்தாள். குடித்தேன். சொம்பைக் கழுவப் போனேன், பிடுங்கிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெயமை பட்டறை ஆளுங்க குடும்பத்தோட முப்பது பேரு வராங்க. அவரு ஏற்பாடு. நானும் வருவேன். படகு இல்லேன்னு இந்தத் தபா சொன்னே, ஆத்துல புடிச்சுத் தள்ளிடுவேன்."

சிரிக்கவில்லை. நிஜமாகவே தள்ளுவாள்.